சர்வாதிகாரமும் பொருளாதார நெருக்கடியும்: வாசிகசாலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2022இல் எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்ற மாதங்களுக்குப் பிறகு, எங்கள் ஊர் வாசிகசாலையில் நடக்கும் வரலாற்று வகுப்பில் ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப எழுகின்றன. உயர்தர மாணவர்களும் கேட்கிறார்கள்; பத்திரிகை பார்க்க வரும் பெரியவர்களும் கேட்கிறார்கள். கேட்டவர்களின் பேச்சு வழக்கை அப்படியே விட்டு, விடைகளை மட்டும் எழுத்து நடையில் தொகுத்திருக்கிறேன். பிந்திய விடைகள் முந்தியவற்றைச் சார்ந்திருப்பதால், இயன்றவரை வரிசைப்படி வாசிப்பது நல்லது.

சர்வாதிகாரம் எண்டா என்ன சேர்? கண்டிப்பா ஆளுறவர் எல்லாரும் சர்வாதிகாரியோ?

கண்டிப்பு வேறு, சர்வாதிகாரம் வேறு. ஆட்சியாளரைச் சட்டப்படி விலக்கவோ, அவருடைய முடிவைப் பகிரங்கமாகக் கண்டிக்கவோ, அதை நீதிமன்றத்தில் எதிர்க்கவோ மக்களுக்கு வழியில்லாத ஆட்சியே சர்வாதிகாரம். தேர்தல் நடப்பது மட்டும் சான்றாகாது. சௌசெஸ்குவின் ருமேனியாவிலும் சுகார்ட்டோவின் இந்தோனேசியாவிலும் தேர்தல்கள் ஒழுங்காக நடந்தன, முடிவு மட்டும் எல்லோருக்கும் முன்கூட்டியே தெரிந்திருந்தது.

பொருளாதாரத்தைப் பொறுத்தவரை நான் பார்ப்பது ஒன்றைத்தான்: நெருக்கடி வந்தபோது அதன் பாரத்தை யார் தலையில் ஏற்றினார்கள், ஏற்றப்பட்டவர்களால் வாய் திறக்க முடிந்ததா? கீழே வரும் விடைகளில் பெரும்பாலானவை இந்த இடத்துக்கே வந்து சேரும்.

பசியும் பஞ்சமும் வந்தா சர்வாதிகாரி வருவான் எண்டு சொல்லுகினம். உண்மையோ?

பாதி உண்மை. 1929இல் தொடங்கிய உலகப் பெருமந்தம் எல்லா நாடுகளையும் தாக்கியது. ஐக்கிய அமெரிக்காவில் 1933இல் நான்கில் ஒரு தொழிலாளிக்கு வேலை இல்லை. அங்கே வாக்குச்சீட்டின் மூலம் ரூஸ்வெல்ட் வந்தார். பிரித்தானியா, சுவீடன், செக்கோஸ்லோவாக்கியா ஆகியவை பாராளுமன்ற ஆட்சியைக் காப்பாற்றிக்கொண்டன. அதே மந்தத்தில் ஜேர்மனியும் ஒஸ்திரியாவும் எஸ்தோனியாவும் லத்வியாவும் மறுபக்கம் சாய்ந்தன. முசோலினியோ மந்தத்துக்கு ஏழு ஆண்டுகள் முன்னரே, 1922இல் பதவிக்கு வந்துவிட்டார்.

எங்கள் நாட்டையும் இதில் சேர்த்துப் பார்க்கவேண்டும். இறப்பர் விலை விழுந்து தோட்டங்கள் மூடப்பட்டுக்கொண்டிருந்த 1931இல்தான் இலங்கைக்குச் சர்வசன வாக்குரிமை வந்தது. அந்த ஆண்டுத் தேர்தலை யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் பகிஷ்கரித்தது. பிரித்தானியர் அப்போது கொண்டுவந்த டொனமூர் அரசியல் யாப்பு பூரண சுயராச்சியத்தைத் தரவில்லை என்பதே அவர்களின் குறை. நெருக்கடியின் நடுவில் கூடுதலான சுதந்திரத்தைக் கேட்டவர்களும் உலகில் இருந்தார்கள் என்பதற்கு எங்கள் ஊரே சாட்சி.

ஹிட்லர் வந்தது காசு குப்பையாப் போனதாலதானே?

மாணவர்கள் அனேகமாக எல்லோரும் இப்படித்தான் எழுதுகிறார்கள். ஆனால் ஆண்டுகள் பொருந்தவில்லை. 1923 நவம்பரில் 1 அமெரிக்க டொலரின் விலை 4.2 திரில்லியன் மார்க்காக இருந்தது. காலையில் வாங்கிய கூலி மாலையில் பெறுமதி இழந்ததால் தொழிலாளர்களுக்கு நாளாந்தம் சம்பளம் கொடுத்தார்கள். அது கைக்கு வந்தவுடனேயே கடைக்கு ஓடினார்கள். அந்த மாதத்தில்தான் ஹிட்லர் மியூனிக்கில் ஆட்சியைக் கைப்பற்ற முயன்று தோற்றார். ரென்ரன்மார்க் என்ற புதிய நாணயம் வந்ததும் பணவீக்கம் அடங்கியது. 1928 தேர்தலில் நாசிக் கட்சிக்குக் கிடைத்தது 2.6 சதவீத வாக்குகள் மட்டுமே.

அக்கட்சியை வளர்த்தது அடுத்த நெருக்கடி. அதில் விலைகள் ஏறவில்லை, விழுந்தன. 1930இல் பிரதமரான புரூனிங், பாராளுமன்றத்தை ஒதுக்கி, ஜனாதிபதியின் அவசரகாலக் கட்டளைகள் மூலம் சம்பளத்தையும் ஓய்வூதியத்தையும் வேலையற்றோர் கொடுப்பனவையும் வெட்டிக்கொண்டே போனார். 1932 தொடக்கத்தில் வேலையற்றோர் 6 மில்லியன் பேர். நாசிகளின் வாக்கு 1930இல் 18.3 சதவீதமாகவும் 1932 யூலையில் 37.3 சதவீதமாகவும் உயர்ந்தது. கவனிக்கவேண்டிய விடயம்: வேலையிழந்தவர்கள் கம்யூனிஸ்டுகளின் பக்கமே கூடுதலாகச் சாய்ந்தார்கள், நாசிகளுக்குக் குவிந்த வாக்குகளில் பெரும்பங்கு, இருப்பதையும் இழந்துவிடுவோமோ என்று அஞ்சிய சிறு கடைக்காரர்களுடையதும் புரட்டஸ்தாந்து விவசாயிகளுடையதும் ஆகும்.

1932 நவம்பர்த் தேர்தலில் அக்கட்சி 33.1 சதவீதத்துக்கு இறங்கியது. இறங்கிக்கொண்டிருந்தவரை 1933 யனவரி 30 அன்று பிரதமராக்கியது மக்களின் வாக்கு அல்ல. அவரைத் தம் கைக்குள் வைத்திருக்கலாம் என்று நம்பிய முன்னாள் பிரதமர் பாப்பனும் அவர் பேச்சைக் கேட்ட ஜனாதிபதி ஹிண்டன்பேர்க்கும் செய்த ஏற்பாடு அது. பசி கதவுவரை கொண்டுவந்தது. கதவைத் திறந்தவர்கள் வயிறு நிறைந்தவர்கள்.

எது எப்பிடியெண்டாலும், வேலையில்லாத சனத்துக்கு அவன் வேலை குடுத்தவன்தானே?

வேலையின்மை குறைந்தது உண்மை. ஆனால் அந்தக் கணக்கைப் பிரித்துப் பார்க்கவேண்டும். மந்தம் 1932 இறுதியிலேயே திரும்பத் தொடங்கிவிட்டது. வேலைத் திட்டங்கள் சிலவும் முந்திய அரசுகள் தொடங்கியவை. 1933 ஏப்ரலில் யூதர்கள் அரச சேவையிலிருந்து நீக்கப்பட்டார்கள். அவர்களின் இடங்கள் மற்றவர்களுக்குப் போயின. 1935இல் கட்டாய இராணுவ சேவை வந்ததும் இளைஞர்கள் வேலையற்றோர் பட்டியலிலிருந்து படைமுகாமுக்கு மாறினார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆயுத உற்பத்திக்கு அரசு பணத்தைக் கொட்டியது. அந்தக் கடனை மறைக்க, பெயருக்கு ஒரு கம்பனியை நிறுவி அதன் பெயரில் மெஃபோ உண்டியல்கள் என்ற கடன் பத்திரங்கள் வெளியிடப்பட்டன.

1933 மே 2 அன்று தொழிற்சங்கங்கள் ஒழிக்கப்பட்டதால், வேலை பெருகியும் மணித்தியாலக் கூலி மந்த காலத்து மட்டத்தை ஒட்டியே நின்றது. மக்கள் கார் திட்டத்தைப் பாருங்கள். கிழமைக்கு 5 மார்க் வீதம் முத்திரை வாங்கி அட்டையில் ஒட்டினால் கார் கிடைக்கும் என்றார்கள். மூன்று லட்சத்துக்கு மேற்பட்டோர் ஒட்டினார்கள். ஒருவருக்கும் அத்திட்டத்தின்படி கார் கிடைக்கவில்லை. தொழிற்சாலை இராணுவ வாகனங்களைச் செய்தது. 1939 தொடக்கத்தில் மத்திய வங்கியின் பணிப்பாளர்கள் செலவு கட்டுக்கடங்காமல் போகிறது என்று எழுத்தில் எச்சரித்தபோது, ஹிட்லர் வங்கித் தலைவர் சாஹ்ட்டையே நீக்கினார். அதன் பிறகு ஜேர்மனியரின் உணவுமேசைக்கு வேண்டியது போலந்திலிருந்தும் உக்ரைனிலிருந்தும் பிடுங்கப்பட்டது.

முசோலினி காலத்தில ரயில் நேரத்துக்கு ஓடினதாம்?

வெளிநாட்டவர் பயணம் செய்த சில பிரதான பாதைகளில் ஓடின. அந்தச் சீர்திருத்தமும் அவருக்கு முன்னரே தொடங்கியது. 1926இல் லீராவின் மதிப்பைச் செயற்கையாக உயர்த்தியதால் ஏற்றுமதி அடிபட்டது. அதை ஈடுசெய்யக் கூலி கட்டளைமூலம் குறைக்கப்பட்டது; சுதந்திரமான தொழிற்சங்கம் இல்லாததால் எதிர்க்க ஆளில்லை. நேரத்துக்கு வந்த ரயிலைப் பற்றிக் கேட்பவர்கள் அந்தக் கூலிக் குறைப்பைப் பற்றிக் கேட்பதில்லை.

உக்ரைன் பஞ்சம் மழை பொய்ச்சு வந்ததோ, ஸ்டாலின் செய்ததோ?

1931இல் சில பகுதிகளில் வரட்சி இருந்தது. 1932 விளைச்சலும் மோசம். அந்தளவில் இயற்கைக்குப் பங்குண்டு. ஆனால் அதற்கு முன்பே, 1929 முதல், விவசாயிகளின் நிலமும் மாடும் கூட்டுப்பண்ணைக்குப் பலவந்தமாக எடுக்கப்பட்டிருந்தன. வசதியான விவசாயிகள் என்று முத்திரை குத்தப்பட்டவர்கள் சைபீரியாவுக்கு நாடுகடத்தப்பட்டிருந்தார்கள். கைத்தொழிலுக்கான இயந்திரங்களை வாங்க அந்நியச் செலாவணி தேவை என்று 1931இல் சுமார் 5 மில்லியன் தொன் தானியம் ஏற்றுமதி செய்யப்பட்டது. பசி தொடங்கிவிட்ட 1932இலும் சுமார் 1.7 மில்லியன் தொன் வெளியே போனது.

அடுத்து வந்தவைதான் பசியைப் பேரழிவாக்கின. 1932 ஓகஸ்ட் 7 கட்டளையின்படி கூட்டுப்பண்ணைத் தானியத்தை எடுப்பவருக்கு மரணதண்டனை அல்லது 10 ஆண்டுச் சிறை. அறுத்த வயலில் சிந்திய கதிரைப் பொறுக்கியவர்களும் அதில் அகப்பட்டார்கள். குறித்த அளவு தானியம் கொடுக்காத கிராமங்கள் கரும்பட்டியலில் இடப்பட்டு, உப்பு, தீப்பெட்டி, மண்ணெண்ணெய் எதுவும் அங்கே போகாமல் நிறுத்தப்பட்டது. இந்த வரியை வகுப்பில் வாசிக்கும்போது பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வது வழக்கம். 1933 யனவரி 22 அன்று, பட்டினிப் பகுதிகளிலிருந்து விவசாயிகள் வெளியேறுவதைத் தடுக்க உத்தரவு வந்தது. ரயில் பயணச்சீட்டுக்கூட விற்கப்படவில்லை. உக்ரைனில் மூன்றரை மில்லியனுக்கு மேற்பட்டோரும், மந்தைகளை இழந்த கசாக் மக்களில் மூன்றிலொரு பங்குக்கு மேற்பட்டோரும் இறந்தார்கள்.

இது உக்ரைன் இனத்தையே குறிவைத்த இனப்படுகொலையா என்பதில் வரலாற்றாசிரியர்கள் முரண்படுகிறார்கள். கொன்றது கொள்கைதான் என்பதில் பெரிய முரண்பாடு இல்லை. 1921-22 பஞ்சத்தில் லெனினின் அரசு அமெரிக்க நிவாரணத்தை ஏற்றுக்கொண்டது. 1933இல் ஸ்டாலினின் அரசு பஞ்சம் என்று ஒன்று இல்லவே இல்லை என்றது. இல்லாத பஞ்சத்துக்கு நிவாரணம் எப்படி வரும்? 1937 குடிசனக் கணக்கெடுப்பில் எதிர்பார்த்த தொகை காணப்படாதபோது, கணக்கெடுப்பு மறைக்கப்பட்டது. எண்ணிய புள்ளிவிபரவியலாளர்கள் கைதானார்கள்.

சீனாவில அவ்வளவு சனம் செத்தது மாவோவுக்குத் தெரியாமலோ இருந்தது?

தெரிவிக்கப்பட்டது. 1958இல் தொடங்கிய, பெரும் பாய்ச்சல் என்ற விரைவு வளர்ச்சித் திட்டத்தில் கிராமங்கள் கம்யூன்கள் எனப்படும் பெரும் கூட்டுப்பண்ணைகளாக்கப்பட்டன. அறுவடைக் காலத்தில் ஆட்கள் கொல்லைப்புற உலைகளில் இரும்பு உருக்க அனுப்பப்பட்டார்கள். மேலிடத்தைத் திருப்திப்படுத்த ஒவ்வொரு மட்டத்து உத்தியோகத்தரும் விளைச்சலை ஊதிப் பெருக்கி அறிக்கை கொடுத்தார். அரசு அந்தப் பொய்யான தொகையை வைத்துத் தன் பங்கை எடுத்தது. மிஞ்சியது விவசாயிக்குப் போதவில்லை. 1959இல் லூஷான் மாநாட்டில் பாதுகாப்பு அமைச்சர் பெங் தெஹுவாய் இதைப்பற்றி மாவோவுக்குக் கடிதம் எழுதினார். அவர் பதவி நீக்கப்பட்டார். அதன் பிறகு உண்மை சொல்ல எவர் துணிவார்? பஞ்சம் மேலும் இரண்டு ஆண்டுகள் நீடித்தது. இறந்தோர் தொகையை ஆய்வாளர்கள் 15 மில்லியன் முதல் 45 மில்லியன் வரை மதிப்பிடுகிறார்கள்.

1959இல் சீனா சுமார் 4 மில்லியன் தொன் தானியத்தை ஏற்றுமதி செய்தது. 1952இல் கைச்சாத்தாகி 1957இல் புதுப்பிக்கப்பட்ட அரிசி-இறப்பர் உடன்படிக்கையின் கீழ் இலங்கையும் சீன அரிசியைப் பெற்றுவந்தது. எங்கள் பாட்டன்மார் கூப்பனுக்கு வாங்கிய அரிசியின் பின்னால் இப்படியொரு கதை இருந்தது அவர்களுக்குத் தெரிய வழியில்லை. சீன மக்களுக்கே சொல்லப்படவில்லை.

சனநாயக நாட்டில பஞ்சம் வராது எண்டு அமர்த்தியா சென் சொன்னவராம். அப்ப வங்காளப் பஞ்சம்?

1943 வங்காளம் சனநாயக ஆட்சியில் இருக்கவில்லை. குடியேற்ற ஆட்சியில் இருந்தது. ஆகவே அது அவருடைய கருத்துக்கு எதிரான சான்றல்ல. சுதந்திரமான பத்திரிகைகளும் போட்டித் தேர்தலும் உள்ள நாட்டில், பசிச் செய்தி வெளிவந்து, ஆட்சியாளர் அடுத்த தேர்தலுக்கு அஞ்சி நிவாரணம் வழங்குவார் என்பதே பொருளியலாளரான சென்னின் வாதம். 1972-73இல் மகாராட்டிரத்தில் கொடிய வரட்சி வந்தபோது அரசு இலட்சக்கணக்கானோருக்கு நிவாரண வேலை கொடுத்துப் பஞ்சத்தைத் தவிர்த்தது. அதே 1973இல் எத்தியோப்பியாவின் வொல்லோ மாகாணத்துப் பஞ்சத்தைப் பேரரசர் ஹைலே செலாசியின் அரசு மூடி மறைத்தது. அவரைக் கவிழ்த்த இராணுவ அரசும் 1984இல் மக்கள் பட்டினியால் சாக, தன் பத்தாண்டு நிறைவைப் பெரும் செலவில் கொண்டாடியது.

இந்த வாதத்துக்கு ஓர் எல்லையும் உண்டு. அதைச் சென் அவர்களே காட்டியிருக்கிறார். திடீர்ப் பஞ்சம் தலைப்புச் செய்தியாகும். நாட்பட்ட அரைவயிற்றுப் பசி ஆகாது. இந்தியா பெரும்பஞ்சத்தைத் தவிர்த்தபோதிலும், ஊட்டக் குறைவாலும் நோயாலும் ஆண்டுதோறும் நேர்ந்த சாவுகளை நெடுங்காலம் சகித்துக்கொண்டது.

நாட்டின்ர கடனை முழுசாக் கட்டி முடிச்ச சௌசெஸ்குவை ஏன் சுட்டவை?

கடன் நெருக்கடிக்குப் பிறகு இங்கே கூடுதலாகக் கேட்கப்படும் கேள்வி இதுவே. 1970களில் ருமேனியா மேற்கு நாடுகளிடம் கடன்வாங்கி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளையும் கனரகத் தொழிற்சாலைகளையும் கட்டியது. எண்ணெய் விலையும் வட்டியும் ஏற, 1981அளவில் கடன் சுமார் 10 பில்லியன் டொலரானது. மற்ற நாடுகள் தவணையை நீட்டித்தரக் கேட்டபோது, சௌசெஸ்கு முழுவதையும் விரைவில் அடைப்பதென்று முடிவெடுத்தார். இறைச்சியும் தானியமும் கப்பலேறின. உள்நாட்டில் பாண், எண்ணெய், சீனி, மா எல்லாம் பங்கீட்டுக்கு வந்தன. இறைச்சிக் கடையில் பன்றியின் காலும் தலையும் கிடைத்தால் அதற்கே வரிசை. குளிர்காலத்தில் வெப்பமூட்டல் குறைக்கப்பட்டு, மக்கள் வீட்டுக்குள் மேலங்கியுடன் இருந்தார்கள். அறைக்கு 40 வாட் மின்குமிழ். தொலைக்காட்சி நாளுக்கு இரண்டு மணித்தியாலம். ஞாயிற்றுக்கிழமைகளில் வாகன இலக்கம் ஒற்றையா இரட்டையா என்று பார்த்தே வீதியில் விட்டார்கள். 2022இல் இலக்கத்தகட்டின் கடைசி எண்ணைப் பார்த்துப் பெற்றோல் வாங்கிய எங்களுக்கு இது எளிதில் விளங்கும். ருமேனியர் அளவுக்கு மிஞ்சி உண்கிறார்கள் என்று கூறி, அறிவியல்பூர்வமான உணவுத் திட்டம் ஒன்றையும் அரசு அறிவித்தது.

அதே ஆண்டுகளில் புக்கரெஸ்ட் நகரின் பழைய பகுதி இடிக்கப்பட்டு, 1984 முதல் உலகின் மிகப் பெரிய கட்டடங்களில் ஒன்றான மக்கள் மாளிகை எழுந்தது. சிக்கனம் எல்லோருக்கும் பொதுவாக இருக்கவில்லை என்பதை மக்கள் கண்ணால் கண்டார்கள்; சொல்லத்தான் முடியவில்லை. 1983 முதல் தட்டச்சு இயந்திரம் வைத்திருப்பவர் அதைப் பொலிசில் பதிய வேண்டும்; துண்டுப்பிரசுரம் வந்தால் எந்த இயந்திரத்தில் அடித்தது என்று கண்டுபிடிப்பதற்காக. 1987 நவம்பரில் பிராசோவ் தொழிலாளர்கள் வீதிக்கு வந்தபோது அடக்கப்பட்டார்கள்.

1989 ஏப்ரலில் கடன் தீர்ந்துவிட்டதென்று அறிவிக்கப்பட்டது. பங்கீடு தளரவில்லை. டிசம்பரில் திமிசுவாராவில் தொடங்கிய எழுச்சியில் இராணுவம் பக்கம் மாறியது; டிசம்பர் 25 அன்று அவசர விசாரணைக்குப் பின் அவரும் மனைவியும் சுடப்பட்டார்கள். கடனைத் திருப்பிக் கட்டுவது குற்றமல்ல. எவ்வளவு வேகத்தில், எவருடைய உணவைக் குறைத்துக் கட்டுவது என்ற முடிவில் உணவு குறைந்தவர்களுக்கு ஒரு சொல்லும் இருக்கவில்லை.

பர்மா அரிசி சாப்பிட்டு வளந்த ஆக்கள் நாங்கள். அந்த நாடு என்னெண்டு ஏழையாப் போச்சு?

போருக்கு முன் பர்மா ஆண்டுக்கு ஏறத்தாழ 3 மில்லியன் தொன் அரிசியை ஏற்றுமதி செய்தது. 1942இல் யப்பான் அந்நாட்டைக் கைப்பற்றியதும் இலங்கையில் பங்கீடு வந்தது இதனாலேயே. 1962இல் ஆட்சியைக் கைப்பற்றிய ஜெனரல் நே வின், மொத்த வியாபாரத்திலிருந்து சில்லறைக் கடைவரை அரசுடைமையாக்கினார். பல தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த இந்தியர்கள் இலட்சக்கணக்கில் வெளியேறினார்கள். அவர்களில் தமிழர் ஏராளம். சென்னையின் பர்மா பஜார் அவர்களால் வந்தது. நெல்லுக்கு அரசு கொடுத்த விலை மிகக் குறைவாக இருந்ததால் விவசாயி விதைப்பதைக் குறைத்தார்; 1967இல் அரிசி விளையும் நாட்டிலேயே அரிசித் தட்டுப்பாடு.

நே வின் 1964, 1985, 1987 என மூன்று முறை நாணயத்தாள்களைச் செல்லாதவையாக்கினார். 1987 செப்டெம்பரில் 25, 35, 75 கியாற் தாள்கள் மாற்றீடு எதுவுமின்றி ஒரே நாளில் வெறும் கடதாசியாயின. பின்னர் 9ஆல் வகுபடும் 45, 90 கியாற் தாள்கள் வெளிவந்தன. சேமிப்பை இழந்த மாணவர்கள்தான் முதலில் கலகம் செய்தார்கள். அது 1988 ஓகஸ்ட் 8 எழுச்சிவரை போனது.

சிலியில பினோசே பொருளாதாரத்தை நிமித்தினவர் எண்டு படிச்சனே?

எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டுவரை அளக்கிறீர்கள் என்பதில் விடை தங்கியிருக்கிறது. தேர்தலில் வென்று வந்த ஜனாதிபதி அயெண்டேயின் கடைசி ஆண்டான 1973இல் பணவீக்கம் 500 சதவீதத்தைத் தாண்டியது. தட்டுப்பாடு கடுமையாக இருந்தது. அதை மறைக்கக்கூடாது. ஆனால் ஜெனரல் பினோசே ஆட்சிக்கு வந்த 1973 செப்டெம்பர் 11 இராணுவச் சதிப்புரட்சிக்குப் பின் சிக்காகோவில் பயின்ற பொருளியலாளர்களின் அதிர்ச்சி வைத்தியத்தால் 1975இல் உற்பத்தி பத்துக்கு மேற்பட்ட சதவீதம் சுருங்கியது. 1982இல் வங்கிகள் சரிந்து மீண்டும் சுமார் 14 சதவீதம் வீழ்ந்தது. சந்தையே எல்லாம் என்ற அதே அரசு வங்கிகளைத் தன் பொறுப்பில் எடுத்தது. அயெண்டே அரசுடைமையாக்கிய செப்புச் சுரங்கங்களைப் பினோசே திருப்பிக் கொடுக்கவில்லை; அந்த வருமானத்தின் ஒரு பங்கு இராணுவத்துக்குப் போனது. உறுதியான வளர்ச்சி 1980களின் நடுப்பகுதியில் தொடங்கியது உண்மை. வறுமை பெருமளவில் குறைந்தது 1990இல் சனநாயகம் மீண்ட பிறகே.

தென்கொரியா, சிங்கப்பூர் எல்லாம் எப்பிடி முன்னேறினது? எங்களுக்கும் ஒரு லீ குவான் யூ வேணும்தானே?

இதுவே மிகக் கடினமான கேள்வி. நேர்மையாகப் பதில் சொல்லவேண்டும். பார்க் சுங் ஹீ 1961 முதல் 1979 வரை ஆண்ட தென்கொரியா வியக்கத்தக்க வேகத்தில் வளர்ந்தது. அந்த அரசு வங்கிகளைக் கையில் வைத்து, ஏற்றுமதி இலக்கை எட்டிய நிறுவனங்களுக்கே மலிவான கடன் கொடுத்தது. எனினும் அதற்கு அடித்தளமான நிலச் சீர்திருத்தம் அவருக்கு முன்னரே நடந்தது. அமெரிக்க உதவியும் பெருமளவில் வந்தது. விலையைக் கொடுத்தவர்கள் தொழிலாளர்கள். 1970 நவம்பர் 13 அன்று சியோல் சந்தையொன்றில் தையல் தொழிலாளியான சொன் தே-இல், தொழிற்சட்டத்தை நடைமுறைப்படுத்துங்கள் என்று கோரித் தீக்குளித்தார். அவருக்கு வயது 22. சட்டம் ஏற்கெனவே புத்தகத்தில் இருந்தது. 1987இல் சனநாயகம் வந்த பின் கூலியும் ஏறியது, வளர்ச்சியும் நிற்கவில்லை.

லீ குவான் யூ ஆண்ட சிங்கப்பூரில் தேர்தலும் நீதிமன்றமும் இயங்கின. ஊழல் தடுப்பு அமைச்சர்களையும் விடவில்லை. அதே நாட்டில் 1963இல் எதிரணியினர் பலர் விசாரணையின்றி அடைக்கப்பட்டார்கள். அதன் முதலாவது வெளிவிவகார அமைச்சர் எஸ். இராசரத்தினம் எங்கள் வட்டுக்கோட்டையில் பிறந்தவர் என்பதில் எங்களுக்குப் பெருமை உண்டு. ஆனால் ஒரு துறைமுக நகரின் அனுபவம் எல்லா நாட்டுக்கும் மருந்தாகாது. மேலும், ஒரு பார்க்கைத் தெரிந்து வைத்திருப்பவர்கள் சயீரின் மொபுட்டுவையும் உகண்டாவின் இடி அமினையும் பர்மாவின் நே வின்னையும் மறந்துவிடுகிறார்கள். அதிகாரத்தைக் கையில் கொடுக்கும் நாளில் எல்லோரும் ஒரேமாதிரித்தான் பேசுகிறார்கள். தவறானவர் என்று தெரியவந்தபின் விலக்க வழியில்லை என்பதுதான் முதலாவது விடையில் சொன்னதன் பொருள்.

எங்கட அப்பு கூப்பன் காலத்தைப் பொற்காலம் எண்டுறார், கொழும்பில இருந்த மாமி பாண் வரிசை எண்டுறா. ஆர் சொல்லுறது சரி? அது சர்வாதிகாரமோ?

இருவரும் தாம் கண்டதைச் சொல்கிறார்கள். 1970-77 அரசு மிளகாய், வெங்காயம் போன்றவற்றின் இறக்குமதியைத் தடுத்ததால், யாழ்ப்பாணத்து விவசாயிக்கு நல்ல விலை கிடைத்தது. கல்வீடும் உழவு இயந்திரமும் வந்தன. 1973இல் எண்ணெய் விலையும் உலக உணவு விலையும் ஏற, நகரத்தவர் பாணுக்கு வரிசையில் நின்றார்கள். அரசு அவசரகாலச் சட்டத்தின் கீழ் நெடுங்காலம் ஆண்டது, லேக் ஹவுஸ் பத்திரிகைகளைக் கையகப்படுத்தியது, தன் காலத்தையும் நீட்டிக்கொண்டது. ஆனாலும் 1977இல் தேர்தல் நடந்து மக்களால் தோற்கடிக்கப்பட்டது. ஆகவே சர்வாதிகாரம் என்று சொல்லமாட்டேன்.

இந்த இரு நினைவுகளிலும் வராத மூன்றாமவர் ஒருவர் இருக்கிறார். 1974இல் மலையகத் தோட்டங்களில் இறப்பு வீதம் கூர்மையாக உயர்ந்தது. நிலமில்லாத, 1948 பிரசாவுரிமைச் சட்டத்தால் பெரும்பாலானோர் வாக்குமில்லாத மக்கள் அவர்கள். தேர்தல் நடந்த நாட்டிலேயே, வாக்கில்லாதவர் தலையில்தான் பட்டினி இறங்கியது. அக்காலத்தில் வன்னிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் வந்து எங்கள் தோட்டங்களிலும் வீடுகளிலும் குறைந்த கூலிக்கு வேலைசெய்தவர்களில் அவர்களின் பிள்ளைகளும் இருந்தார்கள். பொற்காலத்தைப் பற்றிப் பேசும்போது அதையும் சேர்த்தே பேசவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

தொண்ணூறுகளில நாங்கள் பட்ட பொருளாதாரத் தடையை எதில சேர்க்கிறது?

அது போர்க்காலத் தடை. 1990 முதல் யாழ்ப்பாணத்துக்கு எரிபொருள், சீமெந்து, உரம், மின்கலம் எனப் பலவும் தடைப்பட்டன. ஜாம் போத்தலுக்குள் சிறிது பஞ்சும் மண்ணெண்ணெயும் விட்டு, அந்தச் சுடரில் பிள்ளைகள் படித்தார்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டார்கள். சவர்க்காரத்துக்குப் பதிலாகப் பனங்களியால் துணி தோய்த்தார்கள். தடையை விதித்தது தேர்தலில் வென்ற அரசு. தடைப்பட்டவர்களின் வாக்கு அந்த அரசைக் கவிழ்க்கவோ நிறுத்தவோ போதுமானதாக இருக்கவில்லை. அதேவேளை இங்கே ஆயுதத்துடன் அதிகாரம் செலுத்தியவர்களையும் எதிர்த்துப் பேச இடமிருக்கவில்லை. இரண்டு பக்கமும் வாய் அடைபட்ட நிலை அது. உக்ரைன் கரும்பட்டியலுடன் அளவில் ஒப்பிட முடியாது. செயல்முறையில் உறவு உண்டு.

சனம் பட்டினி கிடந்தா சர்வாதிகாரி தானா விழுவான்தானே?

இல்லை. 1990களின் நடுவில் வடகொரியாவில் இலட்சக்கணக்கானோர் பட்டினியால் இறந்தார்கள், ஆட்சி அசையவில்லை. நாளெல்லாம் உணவு தேடுபவருக்குக் கூட்டம் கூட நேரமும் பலமும் இல்லை. பெரும்பாலும் ஆட்சியைத் தாங்கியவர்கள் பிளவுபடும்போதுதான் அது விழுகிறது. போர்த்துக்கல்லின் ஆட்சியை 1974இல் கவிழ்த்தவர்கள் ஆபிரிக்கப் போர்களில் களைத்த அதன் இராணுவ அதிகாரிகள். சயீரில் (இன்றைய கொங்கோ சனநாயகக் குடியரசு) 1993இல் மொபுட்டு படையினருக்குச் சம்பளமாகக் கொடுத்த 5 மில்லியன் சயீர் தாளை வியாபாரிகள் வாங்க மறுக்க, படையினர் கலகம் செய்தார்கள். அப்போதும் அவர் 1997 வரை நீடித்தார்.

சுகார்ட்டோவின் வீழ்ச்சி வேறு விதம். முப்பது ஆண்டு வளர்ச்சியால் வறுமை உண்மையிலேயே குறைந்திருந்தது. 1997-98இல் இந்தோனேசிய நாணயமான ரூபியா சரிந்து, ஓராண்டில் பொருளாதாரம் 13 சதவீதம் சுருங்கியது. 1998 மே மாதம் எரிபொருள் விலை உயர்ந்தது, மாணவர் நால்வர் சுடப்பட்டார்கள், அமைச்சர்கள் கைவிட்டார்கள், மே 21 அன்று அவர் விலகினார். ஓரளவு நன்றாக வாழ்ந்து திடீரென்று இழந்தவர்களே வீதியை நிரப்பினார்கள்.

சர்வாதிகாரி வாங்கின கடனை அவன் போன பிறகு சனம் ஏன் கட்டவேணும்?

சர்வதேச நடைமுறையில் கடன் அரசுக்கு உரியது, ஆட்சியாளருக்கு உரியதல்ல. ஆட்சி மாறினாலும் கடன் மாறாது. மக்கள் சம்மதமின்றி, மக்களுக்குப் பயனின்றி வாங்கிய கடன் அவர்களைக் கட்டுப்படுத்தாது என்ற வாதம் சட்டவறிஞரிடையே நூறாண்டாக உண்டு. நீதிமன்றங்கள் அதை ஏற்பது அரிது. ஆர்ஜென்டினாவில் 1976-83 இராணுவ ஆட்சியில் வெளிநாட்டுக் கடன் சுமார் 8 பில்லியனிலிருந்து 45 பில்லியன் டொலராக உயர்ந்தது. தனியார் கம்பனிகளின் கடன்கூட ஆட்சி முடியுமுன் அரசின் தலையில் ஏற்றப்பட்டது. தேர்தலில் வந்த அல்பொன்சின் அதைச் சுமந்தே ஆட்சியைத் தொடங்கினார்.

பிலிப்பைன்ஸில் சர்வாதிகாரி மார்க்கோஸ் கட்டிய பட்டான் அணுமின் நிலையத்துக்கு 2 பில்லியன் டொலருக்கு மேல் செலவானது. பூகம்பப் பகுதியில், எரிமலைக்கு அண்மையில் அமைந்த அந்த நிலையம் ஒருநாளும் மின்சாரம் வழங்கவில்லை. 1986இல் அவரை வெளியேற்றிய மக்கள் எழுச்சியால் வந்த கொரசோன் அக்கினோவின் அரசு, மறுத்தால் இனிக் கடன் கிடைக்காது என்ற அச்சத்தில் எல்லாக் கடன்களையும் ஏற்றுக்கொண்டது. பட்டான் கடனின் கடைசித் தவணை 2007இல் கட்டப்பட்டது.